இருப்பதா, இடம் மாறுவதா, கிளம்புவதா? மேட்ச் பார்க்கப் போன ஊரில் கலவரம் வெடித்தால்

2022 ஜூலை 9, சனிக்கிழமை. இலங்கையின் தெற்கே காலி நகரத்து மைதானத்தில் இலங்கை – ஆஸ்திரேலியா இரண்டாவது டெஸ்டின் இரண்டாம் நாள். கருணாரத்னேயும் குசல் மெண்டிஸும் நிதானமாக ரன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து, ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச பதவி விலகக் கோரும் 'கோட்டா கோ ஹோம்' கோஷம் ஓவருக்கு ஓவர் பெருத்துக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் கோட்டை மதில் மேலும் கொடிகளோடு ஆட்கள். பக்கத்தில் இருந்த நண்பன் போனை நீட்டினான். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்துவிட்டார்கள்.

எங்களுக்குச் சென்னை விமானம் 12ஆம் தேதி. கட்டுநாயக்க விமான நிலையமோ சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, கொழும்பைத் தாண்டி இருந்தது. "இப்பவே கிளம்பிடலாம்டா" என்றான். நான் இருப்போம் என்றேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். அன்று இருவரிடமும் இருந்தது பயம் மட்டும்தான். எதை வைத்து முடிவெடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு 2024 ஜூலையில் டாக்காவிலும் 2025 செப்டம்பரில் காத்மாண்டிலும் இதேபோல் கலவரம் வெடித்தது. கிரிக்கெட்டோ கால்பந்தோ பார்க்க வெளிநாடு போகிற நண்பர்கள் டிக்கெட் போடும்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: திடீரென்று ஏதாவது ஆனால் ரூமிலேயே இருப்பதா, வேறு ஊருக்குப் போவதா, ஏர்போர்ட்டுக்கு ஓடுவதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மூன்று ஊர்களிலும் விடை ஒன்றாக இல்லை.

முதலில் எதை அளப்பது

டிவியில் தீயைப் பார்த்ததும் முழு நாடும் எரிவதுபோலத் தோன்றும். ஆனால் கூட்டத்தின் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கும். கொழும்பில் அது ஜனாதிபதி மாளிகை, ஜனாதிபதி செயலகம், பிரதமரின் வீடு. காத்மாண்டில் நாடாளுமன்றம், அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார், தலைவர்களின் வீடுகள், அவர்களோடு தொடர்புடையவை என்று மக்கள் நினைத்த கட்டடங்கள். நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கும் அந்த முகவரிக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் அளவு.

இரண்டாவது, உங்களுக்கும் வெளியேறும் வாசலுக்கும் நடுவில் இருக்கும் சாலை. விமானம் பறக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த விமானத்தின் படிக்கட்டு வரை போக வண்டி இருக்கிறதா, வண்டிக்கு எண்ணெய் இருக்கிறதா, வழியில் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. மூன்றாவது, கையில் எத்தனை நாளுக்குச் சாப்பாடு, தண்ணீர், மருந்து, ரொக்கம் என்பது. நான்காவது, உண்மைச் செய்தி சொல்ல உள்ளூரில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பது. ஐந்தாவது, விசா எப்போது முடிகிறது, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்த எல்லை திறக்கும் என்பது.

மேட்ச் டிக்கெட்டை இந்த அளவுகோல்களில் சேர்க்கவே கூடாது. இவ்வளவு கொடுத்து வாங்கினோமே என்ற எண்ணம்தான் மனிதர்களை ஆகாத நேரத்தில் தெருவுக்கு இழுக்கிறது.

வழி 1: இருக்கிற இடத்திலேயே இருப்பது

நாங்கள் கடைசியில் இதைத்தான் செய்தோம். தங்கியிருந்தது கோட்டைக்குள் ஒரு சந்தில், ஐந்து அறை உள்ள ஒரு வீடு. வீட்டுக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர்; எல்லோரும் அவரை 'நானா' (அண்ணன்) என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. அன்று மாலை நாங்கள் பையோடு நிற்பதைப் பார்த்தவர் வாசல் கதவைச் சாத்தினார். "இன்டைக்குக் கொழும்புப் பக்கம் போவ வாணாம் தம்பி. சனம் முழுக்க ரெயில் புடிச்சு அங்கதான் போறாங்க. இரிங்க. நாளைக்குப் பெருநாள், சாப்பாடு எங்கட ஊட்டுலதான்."

அவர் சொன்னதில் எங்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. நாங்கள் தப்பி ஓட நினைத்த திசையில்தான் கூட்டமும் போய்க்கொண்டிருந்தது. ஜூன் 27 நள்ளிரவு முதலே அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் பெட்ரோல், டீசல் விற்பனை இல்லை. முந்தின இரவு கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் போடப்பட்ட ஊரடங்கு காலையில்தான் விலகியிருந்தது. அன்று நாங்கள் கிளம்பியிருந்தால் எந்த இடத்துக்குப் பயந்தோமோ அந்த இடத்துக்கே நடுச்சாமத்தில் போய்ச் சேர்ந்திருப்போம்.

மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். காஸ் சிலிண்டர் கிடைக்காததால் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகடுப்பு. ஈர விறகின் புகையில் கண் கலங்கியபடி அந்த வீட்டு அம்மா வட்டிலாப்பம் அவித்து இறக்கினார். ஆட்டம் தொடர்ந்தது. 11ஆம் தேதி சண்டிமால் ஸ்டார்க்கை சிக்ஸர் விளாசி இரட்டைச் சதத்தை எட்டினார். அறிமுக டெஸ்டில் பிரபாத் ஜெயசூரிய 12 விக்கெட் எடுக்க, இன்னிங்ஸ் மற்றும் 39 ரன்களில் இலங்கை வென்றது. 12ஆம் தேதி அதிகாலை ரயிலில் கொழும்பு, அங்கிருந்து நானாவின் உறவினர் டீசல் மிச்சம் பிடித்து வைத்திருந்த வேனில் கட்டுநாயக்க. வாடகை வழக்கத்தைவிட மூன்று மடங்கு. மறுநாள் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். அவசரநிலையும் ஊரடங்கும் வந்தன. ஒரு நாள் தாமதித்திருந்தாலும் எங்கள் கதை வேறாகியிருக்கும். ஆகவே 'இருப்பது' என்றால் முடிவே எடுக்காமல் கிடப்பது என்று அர்த்தமில்லை. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சாலை நிலவரத்தைக் கேட்டு, திறந்திருக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். அறை வாடகை நாளுக்கு நாள் ஏறும். விமானத் தேதி மாற்றக் கட்டணம் உண்டு. விசா முடிந்தால் அபராதம் வரலாம். கார்டு மெஷின் வேலை செய்யாமல் போனால் ரொக்கம் கரையும். எல்லாவற்றையும்விடப் பெரியது, நீங்கள் இருக்கும் கட்டடமே குறியாகிவிடும் ஆபத்து. 2025 செப்டம்பர் 9 அன்று காத்மாண்டின் நக்சால் பகுதியில் ஹில்டன் ஹோட்டல் எரிந்தது. இன்னொரு ஹோட்டலுக்குத் தீ வைக்கப்பட்டபோது, இந்தியாவிலிருந்து கோயில் தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு பெண் மேல்மாடியிலிருந்து இறங்க முயன்று விழுந்து உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த பிறகு 'ஹோட்டலுக்குள் இருந்தால் பாதுகாப்பு' என்று யாரிடமும் மொட்டையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இருக்கலாம் என்று முடிவு செய்தால் இருக்கும் இடம் சின்னதாக, தாழ்வாக, அரசு அலுவலகங்களுக்குத் தள்ளி இருக்க வேண்டும். நான் இப்போது இரண்டாம் மாடிக்கு மேல் அறை எடுப்பதில்லை. போனதும் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு முறை இறங்கிப் பார்த்து, கீழ்க்கதவு பூட்டியிருக்கிறதா என்று கவனிப்பேன்.

*இது பொருந்துவது:* குறியிடம் தூரத்தில் இருக்கிறது, விமானத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கிறது, வீட்டுக்காரர் நம்பகமானவர், சாலை இப்போது மூடியிருக்கிறது.

வழி 2: நாட்டுக்குள்ளேயே வேறு இடம்

கேட்க நல்ல யோசனை: தலைநகரில் கலவரம், நாம் சுற்றுலா ஊருக்குப் போய்விடலாம். ஆனால் காத்மாண்டு எரிந்த அதே நேரத்தில் 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த பொக்காராவிலும் ஹோட்டல் எரிந்தது. அங்கே வாலிபால் லீக் போட்டிக்காக வந்திருந்த இந்தியத் தொகுப்பாளர் ஒருவர், தங்கியிருந்த ஹோட்டலும் உடைமைகளும் தீக்கு இரையான பிறகு, வீடியோவில் தூதரகத்தின் உதவியைக் கேட்டது பலருக்கு நினைவிருக்கும்.

ஊர் மாறினால் விமான நிலையத்திலிருந்து இன்னும் தள்ளிப் போகிறீர்கள். புது இடத்தில் நானா மாதிரி ஒருவரைப் புதிதாகத் தேட வேண்டும். போக ஒரு வண்டி, திரும்பி வர ஒரு வண்டி. நடுவழியில் தடுப்பு போட்டால் பழைய அறையும் இல்லை, புது அறையும் இல்லை.

இதில் ஒரு சின்ன வடிவம் மட்டும் உண்மையில் பயன்படும், அதுவும் பலருக்குத் தோன்றாதது. ஊரை மாற்றாமல் தெருவை மாற்றுவது. நாடாளுமன்றத்துக்கோ காவல் தலைமையகத்துக்கோ பக்கத்தில் பெரிய ஹோட்டலில் இருந்தால், இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்புப் பகுதியில் ஒரு சின்ன விடுதிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, நடந்துபோகும் தூரத்தில் மாறிக்கொள்வது. பெட்டியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம், சார்ஜர், ஒரு மாற்றுடை போதும். ஒரு இரவு வாடகை வீண் என்று நினைத்துத் தயங்கக் கூடாது.

*இது பொருந்துவது:* நீங்கள் இருக்கும் கட்டடமோ தெருவோ குறியாகலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டது, ஊரை விட்டு வெளியேறவோ வழியில்லை.

வழி 3: நேராக விமான நிலையம்

முதலில் தோன்றுவதும் அதிகம் பேர் செய்வதும் இதுதான். நேரம் சரியாக அமைந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. அமையவில்லை என்றால் இருப்பதிலேயே மோசமானது இது.

காத்மாண்டில் செப்டம்பர் 9 பிற்பகல் திரிபுவன் விமான நிலையம் மூடப்பட்டது. இந்தியாவிலிருந்து போன விமானங்கள் ரத்தாகின, சில பாதியில் திரும்பின. மறுநாள் மாலை திறந்தது. அந்த இடைவெளியில் ஏர்போர்ட் வாசலுக்குப் போனவர்களுக்கு உள்ளே போகவும் வழியில்லை, திரும்பி வரவும் டாக்ஸி இல்லை. வங்கதேசக் கால்பந்து அணியே அந்த ஊரில் சிக்கிக்கொண்டது. 6ஆம் தேதி தசரத் மைதானத்தில் நேபாளத்தோடு கோல் இல்லாமல் டிரா, 9ஆம் தேதி நடக்க வேண்டிய இரண்டாவது ஆட்டம் ரத்து, வீரர்கள் ஹோட்டலுக்குள். கடைசியில் 11ஆம் தேதி அந்நாட்டு விமானப்படையின் விமானம் வந்துதான் கூட்டிப்போனது. கால்பந்துச் சங்கமும் ஓர் அரசாங்கமும் பின்னால் இருந்த அணிக்கே இரண்டு நாள் ஆயிற்று. தனியாகப் போன ரசிகர் இரண்டு மணி நேரத்தில் வெளியேறிவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

ஆனால் அதே காத்மாண்டில், ராணுவம் தெருவுக்கு வந்து ஊரடங்கு போட்ட பிறகு, பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் காட்டியவர்களை ஏர்போர்ட்டுக்குப் போக விட்டார்கள். அதாவது கலவரத்தின் முதல் நாளைவிட ஊரடங்கின் இரண்டாம் நாள் கிளம்புவது எளிதாக இருந்தது. ஊரடங்கு என்ற சொல்லுக்கே நாம் பயப்படுகிறோம். தெரு காலியாக இருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரிகிறது என்றால் வெளிநாட்டவருக்கு அது பல நேரம் உதவியாகவே அமையும். டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்து வைத்திருங்கள். சோதனைச் சாவடியில் போன் சார்ஜ் போய்விட்டது என்று சொன்னால் எடுபடாது.

இலங்கையில் கட்டுநாயக்க நிலையம் கடைசிவரை இயங்கியது. விமான எரிபொருள் தட்டுப்பாட்டால் தூரப் பயண விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. வானம் திறந்திருந்தது, சாலையில்தான் வண்டி இல்லை. நான் மேலே இரண்டாவதாகச் சொன்ன அளவுகோலின் எடை எனக்கு அங்கேதான் புரிந்தது.

செலவு: கடைசி நேர டிக்கெட் பல மடங்கு, ஏற்கெனவே வாங்கிய திரும்பும் டிக்கெட்டும் வீண். டாக்ஸிக்காரர் கேட்பதே விலை. நிலையத்துக்குள் ஓரிரவு தரையில் படுக்க நேரிடலாம். வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அது எளிதல்ல.

*இது பொருந்துவது:* உறுதியான டிக்கெட் கையில், விமானம் பறக்கிறது என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது, சாலை திறந்திருப்பதை அந்தச் சாலையில் இன்று வந்த ஒருவர் உறுதி செய்திருக்கிறார். மூன்றும் சேர வேண்டும். கிளம்புவது விடிகாலையில், அந்த நேரத்தில் கூட்டம் சேர்ந்திருக்காது.

வழி 4: தரைவழி எல்லை

இலங்கையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நேபாளம், வங்கதேசத்தில் உண்டு. 2024 ஜூலையில் டாக்காவில் ஊரடங்கு போடப்பட்டு, இணையமும் நின்றபோது, ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் அகௌரா – அகர்தலா, தாவ்கி போன்ற எல்லைகள் வழியாகத்தான் ஊர் திரும்பினார்கள். காத்மாண்டிலிருந்து பீர்கஞ்ச் – ரக்சௌல் எல்லைக்கு மலைப்பாதை. நிலச்சரிவு இல்லாத நாளிலேயே பாதி நாள் போய்விடும். செப்டம்பர் மழைக்காலத்தின் கடைசி.

யாரும் எச்சரிக்காத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ரக்சௌல் சொந்த வீட்டு வாசல் மாதிரி. இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்திய விசா வேண்டும். ஒரே ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்த இரண்டு தமிழர்களில் ஒருவருக்கு இது வழி, மற்றவருக்கு இல்லை. கலவையான பாஸ்போர்ட்டுகளோடு போகும் குடும்பங்கள் இதைப் புறப்படும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

ஒரே பார்வையில்

| | இருப்பது | தெரு மாறுவது | வேறு ஊர் | விமான நிலையம் | தரைவழி எல்லை |
|---|---|---|---|---|---|
| முதல் 24 மணி நேரம் | பெரும்பாலும் நல்லது | கட்டடம் குறியானால் நல்லது | ஆபத்து | ஆபத்து | ஆபத்து |
| ராணுவம் கட்டுப்படுத்திய பின் | சரி | தேவைப்படாது | தேவைப்படாது | மிக நல்லது | நல்லது |
| பெரிய செலவு | கூடுதல் இரவுகள், விசா | ஒரு இரவு வாடகை | இரண்டு வண்டிப் பயணம் | புது டிக்கெட், டாக்ஸி | நீண்ட பயணம், உடல் அலுப்பு |
| எதை நம்பியிருக்கிறது | வீட்டுக்காரர் | பகல் வெளிச்சம் | சாலை | சாலை, விமானம் இரண்டும் | பாஸ்போர்ட், வானிலை |

தூதரகம் தனி வழி இல்லை

தூதரகத்துக்குச் சொல்லிவிட்டால் வண்டி அனுப்பி அழைத்துப்போவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நெருக்கடியின் முதல் நாளில் அவர்கள் செய்யக்கூடியது எண்ணைப் பதிவு செய்வது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்வது, பாஸ்போர்ட் எரிந்துபோனால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுப்பது. இவை சின்ன உதவிகள் இல்லை. அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் மணி நேரத்திலேயே பெயர், தங்குமிடம், பாஸ்போர்ட் எண், கூட இருப்பவர்கள் விவரத்தை அனுப்பிவிடுங்கள். டாக்காவில் நடந்ததுபோல் இணையம் போய்விட்டால் பிறகு அனுப்ப முடியாது. அங்கே ஜூலை 18 இரவு போன இணையம் மெல்லத் திரும்ப ஐந்து நாள் ஆனது, மொபைல் டேட்டாவுக்குப் பத்து நாள். தூதரகத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தவருக்கு மட்டுமே அது பயன்பட்டிருக்கும்.

மேட்ச் நடந்தால் போகலாமா?

காலியில் நாங்கள் போனோம். தங்குமிடத்திலிருந்து மைதானம் நடந்து ஐந்து நிமிடம். கூட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் மீதும் ரசிகர்கள் மீதும் எந்தக் கோபமும் இல்லை. இரண்டு வாரம் முன்புதான் கொழும்பில் இலங்கை ரசிகர்களே மஞ்சள் உடுத்தி வந்து ஆஸ்திரேலிய அணிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும், மைதானத்துக்கு டாக்ஸி தேவைப்பட்டிருந்தாலும், நான் போயிருக்க மாட்டேன்.

போனால் ஜெர்சிக்கு மேல் ஒரு சாதாரணச் சட்டை. ஊர்வலத்தைப் படம் பிடிக்காதீர்கள், அதோடு சேர்ந்து நடக்காதீர்கள். உங்கள் மனம் அந்த மக்களின் பக்கம்தான் என்றாலும், என் மனமும் அன்று அவர்கள் பக்கம்தான் இருந்தது, விசாவில் வந்தவருக்கு அதற்கு அனுமதி இல்லை. இலங்கையில் தங்கியிருந்து போராட்டக் காட்சிகளைப் பதிவிட்டு வந்த ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் விசா 2022 ஆகஸ்டில் ரத்து செய்யப்பட்டது.

நான் எப்படித் தேர்வேன்

முதல் 24 மணி நேரம் அசையமாட்டேன், கட்டடமே குறியாகலாம் என்று தோன்றினால் தவிர. அப்படித் தோன்றினால் தெரு மாறுவேன். ராணுவமோ காவல் துறையோ தெருவைக் கையில் எடுத்து, அந்தச் சாலையில் வந்த ஒருவர் நிலவரம் சொன்ன பிறகு, முதல் விடிகாலையில் ஏர்போர்ட். வேறு ஊருக்குப் போவதை நான் தேர்வு செய்யவே மாட்டேன். குழந்தைகளோடும், தினசரி மருந்தோ டயாலிசிஸோ தேவைப்படுகிறவர்களோடும் போனவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அவர்கள் பதற்றம் தொடங்கும்போதே, முதல் கல் விழுவதற்கு முன்பே, மேட்சை விட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

பயணக் காப்பீட்டைப் பற்றி ஒன்று. பல பாலிசிகளில் உள்நாட்டுக் கலவரம் விலக்குப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் உண்டு, ஆனால் நீங்கள் பாலிசி வாங்கும் முன்பே அங்கே பதற்றம் இருந்தாலோ, 'போக வேண்டாம்' என்று உங்கள் அரசு அறிவித்த பிறகு போனாலோ பணம் வராது. வாங்குவதற்கு முன், 'கலவரத்தால் விமானம் ரத்தானால் கூடுதல் தங்கும் செலவு கிடைக்குமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் எழுதி அனுப்பும் பதிலை அச்சடித்து டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.